காலையில் கண் சிவக்குதா? பஞ்சுத் தூசியோடு குறட்டையையும் கணக்கில் எடுங்க!

உடுமலை, பல்லடம், தாராபுரம், திருப்பூர்... இந்தப் பக்கம் யாருக்காவது கண் சிவந்திருந்தால் காரணம் ரெடியாக இருக்கும். ஸ்பின்னிங் மில்லில் வேலை என்றால் பஞ்சுத் தூசி. பனியன் கம்பெனியில் டெய்லர் என்றால் நாள் முழுக்க ஊசியைப் பார்த்த களைப்பு. ஐ.டி. வேலை என்றால் லேப்டாப். காலேஜ் பசங்க என்றால் போன். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிட்டு அடுத்த ஷிப்ட்டுக்குக் கிளம்பிடுவோம்.

இந்தக் காரணங்கள் எதுவும் பொய் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்று எப்போதும் விடுபட்டுப் போகுது. ராத்திரி தூக்கத்தில் நாம் எப்படி மூச்சு விட்டோம் என்பதுதான் அது.

தூக்கத்தில் மூச்சு தடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' பிரச்னைக்கும் கண்ணுக்கும் நெருக்கமான தொடர்பு இருக்கு. அதற்குக் கொடுக்கப்படும் சிகிச்சையும் சில சமயம் கண்ணைத் தொந்தரவு செய்யும். ஆனால் கண் டாக்டரிடம் போகும்போது குறட்டையைப் பற்றி நாம் சொல்வதில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை. குறட்டைக்கு டாக்டரைப் பார்க்கப் போனால், அங்கே கண் பேச்சே வருவதில்லை. இந்த இரண்டு கேள்விகளும் ஒரே மேஜைக்கு வரணும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கருத்து.

முதலில், ஸ்லீப் ஆப்னியா என்றால் என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும். சிலருக்கு அது அளவுக்கு மீறிப் போய், மூச்சுப் பாதையே மூடிக்கொள்ளும். காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை அலாரம் அடிச்ச மாதிரி உசுப்பிவிடும். ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குபவருக்கு இதில் எதுவுமே ஞாபகம் இருக்காது.

மூச்சு குறைந்தது 10 விநாடி நின்றால்தான் மருத்துவர்கள் அதை ஒருமுறை என்று கணக்கில் எடுப்பாங்க. ஒரு மணி நேரத்தில் இப்படி மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ 5 முதல் 15 முறை வரை நடந்தால் லேசான பாதிப்பு, 15 முதல் 30 வரை என்றால் நடுத்தரம், 30க்கு மேல் போனால் தீவிரம். கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 30 முறை என்றால் 7 மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. ஒவ்வொன்றும் குறைந்தபட்சம் 10 விநாடி என்று வைத்தாலே, ஒரு ராத்திரியில் 35 நிமிஷம் மூச்சு சரியாக ஓடவில்லை.

நம்ம வீடுகளில் குறட்டை விட்டால் "அசதி, நல்லா தூங்குறார், எழுப்பாதீங்க" என்போம். உண்மையில் அந்த மனுஷன் ராத்திரி பூரா மூச்சுக்குப் போராடிக்கிட்டு இருக்கலாம்.

'டிஸ்கோ டான்சர்' படத்தின் இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 அன்று மும்பையில் இறந்தபோது, மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் ஸ்லீப் ஆப்னியாவும் ஒன்று. நம்மில் பலர் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டதே அப்போதுதான்.

10.1 கோடியும் 10.4 கோடியும்

2023ல் இரண்டு பெரிய எண்கள் வெளிவந்தன. ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நீரிழிவு ஆய்வு. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் பெரியவர்களில் 14.4% பேர். இன்னொன்று, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு. வேலை செய்யும் வயதில் இருக்கும் இந்தியர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம், அதில் 4.7 கோடிப் பேருக்கு நடுத்தர அல்லது தீவிர பாதிப்பு என்றது அது.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் சர்க்கரை பற்றித் தெரியாதவங்க ஒரு தெருவில்கூட இல்லை. டீக்கடையில் "எனக்குச் சர்க்கரை போடாதீங்க" என்று சத்தமாகவே சொல்றோம். சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கணும் என்பதும் பலருக்குத் தெரியும். ஸ்லீப் ஆப்னியாவுக்கு இந்த விழிப்புணர்வில் பாதிகூட வரலை.

சரி, இதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் மிக அதிகமாக ஆக்சிஜன் கேட்கும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்துக்கு ரத்தம் கொண்டுவருவது மிக மெல்லிய குழாய்கள். ராத்திரி பூரா ஆக்சிஜன் இறங்கி ஏறி, ரத்த அழுத்தமும் சேர்ந்து குதித்தால், அந்த இடம் முதலில் அடி வாங்க வாய்ப்பிருக்கு. மருத்துவர்கள் கவனிக்கும் முக்கியமான நான்கு விஷயங்கள் இவை.

முதலாவது, தொளதொள இமை. மேல் இமை ரப்பர் மாதிரி இளகி, லேசாகத் தூக்கினாலே வெளிப்பக்கமாக மடங்கிவிடும். தூக்கத்தில் தலையணையில் உரசும்போது அது தானாகப் புரண்டுகொள்ளும். கண் காய்ந்து, சிவந்து, காலையில் பீளை கட்டி நிற்கும். 1981ல் அமெரிக்க கண் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இப்படி இமை தளர்ந்தவர்களில் பலருக்கு ஸ்லீப் ஆப்னியாவும் இருப்பது பிறகு தெரியவந்தது. ஆப்னியா இருக்கும் எல்லோருக்கும் இமை தளராது. ஆனால் இமை தளர்ந்திருந்தால் தூக்கத்தைப் பரிசோதிப்பது நல்லது.

இங்கேதான் நம்ம ஊருக்கு உபயோகமான ஒரு துப்பு இருக்கு. தூசியாலோ திரையாலோ வரும் உறுத்தல் பொதுவாக வேலை செய்யச் செய்ய அதிகமாகி, சாயங்காலம் உச்சத்துக்குப் போகும். இமைப் பிரச்னை காலையில் எழும்போதுதான் மோசமாக இருக்கும். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீங்களோ, அந்தப் பக்கக் கண்ணில் அதிகமாக இருக்கும். காலையில் கண் எரிய வேறு காரணங்களும் உண்டு, இமை ஓர அழற்சி மாதிரி. அதனால் இதை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீங்க. ஆனால் டாக்டரிடம் "காலையிலதான் அதிகம், இடது கண்ணுலதான் அதிகம்" என்று சொல்ல மறக்காதீங்க.

இரண்டாவது, பார்வை நரம்புக்கு ரத்தம் திடீரென்று குறைவது. 'கண்ணுக்கு வந்த ஸ்ட்ரோக்' என்று சுருக்கமாகச் சொல்வாங்க. வலியே இருக்காது. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு கண்ணில் பாதி இருண்டு கிடக்கும், பெரும்பாலும் கீழ்ப் பாதி. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு ஸ்லீப் ஆப்னியாவும் இதோடு தொடர்புடையதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கு. போன பார்வையை மீட்க நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அடுத்த 5 ஆண்டுகளில் சுமார் 15% பேருக்கு மறு கண்ணிலும் வரக்கூடும். தீவிர ஆப்னியா இருந்தும் சிகிச்சையை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று பிரான்ஸ் மருத்துவர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

மூன்றாவது, கிளாக்கோமா. கண்ணின் நீர் அழுத்தத்தோடு தொடர்புடைய, பார்வை நரம்பை மெதுவாக அரிக்கும் நோய். அழுத்தம் சாதாரண அளவில் இருக்கும்போதே நரம்பு கெடும் ஒரு வகையும் உண்டு. ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களிடம் கிளாக்கோமா அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சில ஆய்வுகள் அப்படி எதுவும் இல்லை என்கின்றன. எப்படியானாலும், சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 10ல் 9 பேருக்கு மேல் தங்களுக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது. அதனால் யாரைக் கூடுதலாகப் பரிசோதிக்கணும் என்று காட்டும் எந்தத் துப்பும் வீண் போகாது.

நான்காவது, சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு. சர்க்கரையோடு ஆப்னியாவும் சேர்ந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுது.

ஆப்னியாவைச் சரி செய்தால் கண் சரியாகிடுமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேணும். மேலே சொன்னதில் பெரும்பகுதி, இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்ற அளவிலான ஆதாரம். ஒன்றுதான் மற்றதை உண்டாக்குது என்று எல்லாவற்றிலும் நிரூபணம் ஆகலை. ஆப்னியா உள்ளவர்களுக்கு எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாமே அதிகம் இருக்கும். அவையும் கண்ணைக் கெடுக்கும்.

ஒரு உதாரணம். சர்க்கரையால் விழித்திரையில் வீக்கம் வந்தவர்களில், ஆப்னியாவும் இருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து பிரிட்டனில் ஒரு ஆய்வு நடத்தினாங்க. ஒரு குழுவுக்கு மட்டும் ஆப்னியாவுக்கான மெஷின். 12 மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பார்வைக் கூர்மையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2018ல் வெளியான முடிவு இது. ஆகவே "மெஷின் போட்டால் கண் தெளிஞ்சிடும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீங்க.

அப்புறம் எதுக்கு இந்தக் கட்டுரை? ஆப்னியாவைக் கண்டுபிடிப்பது கண்ணுக்காக மட்டும் இல்லை. பகல் தூக்கம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், வண்டி ஓட்டும்போது கண் அசருவது என்று அதற்கு வேறு முகங்கள் நிறைய. கண் பரிசோதனை அதைப் பிடிக்க ஒரு நல்ல வாசல். அதைத்தான் நாம் திறக்காமல் வைத்திருக்கோம்.

சிகிச்சையே கண்ணை உறுத்தினால்?

நடுத்தர, தீவிர ஆப்னியாவுக்கு முக்கியமான சிகிச்சை 'சிபேப்' மெஷின். மாஸ்க் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு இதை 1981ல் வெளியிட்டது. தொளதொள இமையை விவரித்த கட்டுரை வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனாலும் 40 வருஷம் தாண்டி, நோயாளிக்கு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கு.

மாஸ்க் சரியாகப் பொருந்தலைன்னா மூக்கின் ஓரமாகக் காற்று கசிந்து நேராகக் கண்ணில் அடிக்கும். ஃபேன் காற்றை ராத்திரி பூரா ஒரு கண்ணில் வாங்கின மாதிரி. கண் காயும், சிவக்கும், சில சமயம் தொற்றும் வரும். கண்ணீர்க் குழாய் வழியாக மூக்கிலிருந்து காற்று மேலேறிக் கண்ணோரத்தில் வருவதும் உண்டு. கண்ணீர்க் குழாயில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இதற்கு வாய்ப்பு அதிகம்.

சிபேப் பயன்படுத்தும்போது ராத்திரியில் கண்ணின் நீர் அழுத்தம் சற்று உயர்வதாக பெல்ஜியம் மருத்துவர்கள் 2008ல் ஒரு சிறிய ஆய்வில் பதிவு செய்திருக்காங்க. இதற்குப் பயந்து மெஷினை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் கிளாக்கோமா இருப்பவர்கள், தான் சிபேப் போடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும்.

பலர் செய்வது வேறு. கண் எரியுது என்று மெஷினைத் தூக்கிப் பரண் மேல் போட்டுடுவாங்க. ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டி விலை கொடுத்து வாங்கிய பொருள், மூச்சைக் காப்பாற்ற வேண்டிய பொருள், ஒரு ரப்பர் ஓரம் சரியாக உட்காராததால் மூலைக்குப் போகுது.

தீர்வுகள் எளிமையானவை. மாஸ்க்கின் அளவை மாற்றிப் பார்க்கலாம். முகம் முழுக்க மூடும் மாஸ்க்குக்குப் பதில் மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் வகை ஒத்துவருமா என்று கேட்கலாம். பட்டையை இறுக்கிக்கொண்டே போவது சில சமயம் கசிவைக் கூட்டும். பழசான குஷனை மாற்றணும், தினமும் துடைத்துச் சுத்தமாக வைக்கணும். படுக்கும் முன் கண்ணுக்கு ஈரம் தரும் சொட்டு மருந்து போடலாமா என்று கண் டாக்டரிடம் கேட்கலாம். கண்ணில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறீங்க என்றால், மெஷின் போடுவதை முன்னாடியே சொல்லிடுங்க.

நம்ம பெல்ட்டில் இது ஏன் முக்கியம்?

இங்கே கண்தான் பிழைப்பு. பவர் டேபிளில் தையல் நேராகப் போகணும். பேட்லாக், ஓவர்லாக்கில் விரலுக்கும் ஊசிக்கும் இடையில் நூல் அளவுதான் தூரம். செக்கிங்கில் ஒரு சின்ன ஓட்டையைத் தவறவிட்டால் பீஸ் திரும்பி வரும். மில்லில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடணும். விடிவதற்கு முன்பே கிராமம் கிராமமாக ஆள் ஏற்றி வரும் கம்பெனி வேன் டிரைவர் ரோட்டைப் பார்க்கணும். இவங்களில் யாருக்குக் கண் மங்கினாலும் அது வருமானத்தில்தான் முதலில் தெரியும்.

தூக்கமும் இங்கே ஏற்கெனவே பாதிதான். ஆர்டர் நெருக்கும் மாசத்தில் 'ஒன்றரை ஷிப்ட்' சகஜம். மில்களில் நைட் ஷிப்ட் மாறி மாறி வரும். ஷிப்ட் வேலையால்தான் ஆப்னியா வருது என்று நான் சொல்லலை. ஆனால் பகலில் தூங்கி விழுந்தால் "ஓவர்டைம் அசதி" என்று எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் ஊரில், நோயின் அறிகுறி அந்த அசதிக்குள் சுலபமாக ஒளிந்துகொள்ளும்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம். எய்ம்ஸ் கணக்குப்படி ஆண்களில் 13%, பெண்களில் 5% பேருக்கு ஆப்னியா. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஆபத்து கூடும். பல பெண்களுக்கு அது பெரிய குறட்டையாகத் தெரியாமல், காலைத் தலைவலி, தீராத அசதி, தூக்கம் கெடுவது என்று வரும். தவிர, "நான் குறட்டை விடுறேன்" என்று டாக்டரிடம் சொல்ல எத்தனை அம்மாக்களுக்கு வாய் வரும்? ஹாஸ்டலில் பக்கத்துப் பாயில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதுவும் கேலியாகத்தான் முடியும்.

என்ன செய்யலாம்?

நல்ல விஷயம் என்னன்னா, கொங்கு மண்டலத்தில் கண் பரிசோதனைக்குப் பஞ்சமில்லை. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கோவை, திருப்பூரோடு உடுமலையிலும் மையம் இருக்கு. பள்ளியிலும் கல்யாண மண்டபத்திலும் இலவசக் கண் முகாம் நடப்பது நமக்குப் புதுசில்லை. முகாமுக்கு வருபவரின் படிவத்தில் பெயர், வயது, சர்க்கரை, பிரஷர் என்று ஏற்கெனவே கேட்கிறாங்க. அதோடு மூன்று வரி சேர்த்தால் போதும். சத்தமாகக் குறட்டை விடுவீங்களா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்திருக்காங்களா? பகலில் அடக்க முடியாத தூக்கம் வருதா?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருது. அதே வாசலில் நின்று இந்த மூன்று கேள்வியையும் கேட்கலாம்.

மூன்றாவது, இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்குச் சம்பளத்தில் 0.75% பிடிக்கிறாங்க, முதலாளி 3.25% கட்டணும். அப்படிப் பணம் கட்டும் டெய்லருக்குத் தூக்கப் பரிசோதனையும், தேவைப்பட்டால் மெஷினும் மாஸ்க்கும் எந்த ஆஸ்பத்திரியில், எந்தப் படிவத்தில், எத்தனை நாளில் கிடைக்கும் என்று கம்பெனி நோட்டீஸ் போர்டில் தமிழில் தெளிவாக எழுதிப் போடணும். உடுமலையிலிருந்து கோவைக்குச் சுமார் 70 கி.மீ. ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு நாலு தடவை அலைய வேண்டும் என்றால் யாரும் போக மாட்டாங்க.

'இதெல்லாம் ஓவர் இல்லையா?'

நியாயமான கேள்வி. குறட்டை விடும் எல்லோருக்கும் ஆப்னியா கிடையாது. முகாமில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைப்பதே அதிகம். எல்லோரையும் டெஸ்ட்டுக்கு அனுப்பினால் செலவுதான் மிச்சம் என்று மருத்துவர்களே சொல்லலாம்.

அதனால்தான் நான் எல்லோருக்கும் டெஸ்ட் கேட்கலை, எல்லோரிடமும் கேள்வி கேட்கச் சொல்றேன். குறட்டை, அசதி, மூச்சு நிற்பது, ரத்த அழுத்தம், உடல் எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்ற எட்டு விஷயங்களை வைத்து ஆபத்தைக் கணிக்கும் எளிய கேள்விப் பட்டியல் 2008 முதல் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கு. மூன்று அல்லது அதற்கு மேல் 'ஆமாம்' வந்தவர்களை மட்டும் அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் போதும். கேள்விக்குச் செலவு ஒரு பேனா மைதான்.

நீங்க இன்றைக்கே செய்யக்கூடியது

தூங்கும்போது போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து ஒரு ராத்திரி பதிவு செய்யுங்க. குறட்டை, நடுவில் அமைதி, பிறகு மூச்சுத் திணறும் சத்தம் என்று திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பதிவோடு டாக்டரைப் பாருங்க. அது பரிசோதனைக்கு மாற்று இல்லை. பேச்சை ஆரம்பிக்க உதவும். "நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு" என்று விட்டுடாதீங்க. தாடை அமைப்பால் ஒல்லியானவர்களுக்கும் இது வரும். மல்லாந்து படுப்பதும், குடித்துவிட்டுத் தூங்குவதும் நிலைமையை மோசமாக்கும்.

ஒரு கண்ணில் திடீரென்று பார்வை குறைந்தால், வலி இல்லாவிட்டாலும், சொட்டு மருந்து விட்டுக்கிட்டு காத்திருக்காதீங்க. அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போங்க.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ கண்ணாடி மாற்றக் கிளம்பும்போது கூடவே போங்க. அவங்க ராத்திரி எப்படித் தூங்குறாங்க என்பது அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். டாக்டர் கேட்கலைன்னாலும் நீங்க சொல்லுங்க.